'ஓ'வில் முடியும் பெயர்

பக்கீர் முகம்மது பந்தாட்டத்தை நின்றுகொண்டுதான் பார்ப்பார். எண்பத்தாறு வயதிலும் அதில் மாற்றம் இல்லை. சனிக்கிழமை காலைகளில் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பூங்கா மைதானத்தில் மருமகள் சாலிஹா அவருக்காக மடக்கு நாற்காலியை விரித்துப் போடுவாள். அவர் அதன் முதுகில் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டுவிட்டு எல்லைக்கோட்டின் ஓரமாகப் போய் நின்றுகொள்வார்.

"மாமா, முட்டி வலிக்கும். செத்த உக்காருங்க."

"உக்காந்து பாக்குறதுக்கு இது என்ன நிக்காஹ் வீடா? சோறு போடப்போறாங்களா?"

பேத்தி இன்ஷாவின் அணி ஆடும். பதினைந்து வயதுப் பெண்கள். மற்ற பெற்றோர்கள் காபிக் குவளையும் நாய்க்குட்டியுமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்க, கம்பளித் தொப்பி போட்ட இந்த மெலிந்த கிழவர் மட்டும் பந்து போகிற பக்கமெல்லாம் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் ஆயிரம் பேர் நெருக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும் அந்தச் சாய்வு. ஒரு காலத்தில் அப்படி நெருக்கியவர்கள் இருந்தார்கள்.

கீழக்கரையில் பிறந்தவர். கப்பலில் வேலை பார்த்து இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட தாய்மாமன் ஒருவர், பதினெட்டு வயதில் அவரை அங்கே வரவழைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. யார்க்ஷயரில் ஹெஸில்டன் என்ற ஊர். எங்கு பார்த்தாலும் கம்பளி மில்களின் புகைபோக்கிகள். ஆட்டு மயிரைச் சீவும் எந்திரத்தில் இரவு வேலை. ஒரே அறையில் ஆறு பேர். இரவு வேலைக்குப் போகிறவன் எழுந்த கட்டிலில் பகல் வேலை முடித்தவன் படுப்பான். கட்டில் எப்போதும் யாரோ ஒருவருடைய சூட்டோடுதான் இருக்கும்.

அந்த ஊரில் ஆறேழு வருஷம் இருந்தார். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே போகும். கடைக்காரி மீதிச் சில்லறையை அவர் கையில் தராமல் மேசையில் வைத்துத் தள்ளுவாள். வாடகைக்கு அறை உண்டு என்று எழுதியிருந்த வீட்டுக் கதவைத் தட்டினால், அறை அப்போதுதான் போய்விட்டிருக்கும். வசவு அவருக்குத் தெரியாமல் இல்லை. அது தெருவில் முதுகுக்குப் பின்னால் வரும். சில நாள் எச்சிலோடு வரும்.

சனிக்கிழமை மத்தியானம் மட்டும் வேறு. மில் சங்கு ஊதியதும் ஊரே ஒரே திசையில் நடக்கும். தட்டைத் தொப்பிகள், மழைக்கோட்டுகள், குழந்தைகளின் கையில் கடகடவென்று சுழலும் மரக் கிலுக்குகள். அவரும் அந்த நடையில் சேர்ந்துகொள்வார். ஹெஸில்டன் டவுன் அணியின் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் கரிச்சாம்பலைக் கொட்டி அடித்து இறுக்கிய ஒரு மேடு இருந்தது. அங்கே உட்கார இடம் கிடையாது. தோளோடு தோள். பின்னால் நிற்பவன் மூச்சு கழுத்தில் படும். நனைந்த கம்பளியும் சிகரெட்டும் பீரும் கலந்த வாடை. எச்சிலோடு பேசியவர்களும் அதே கூட்டத்தில் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மேட்டில் பக்கத்தில் இடம் விட்டு நிற்க யாராலும் முடியாது.

மார்கழிப் பனி இறங்கினால் எதிர்க் கோடியே தெரியாது. அங்கே கோல் விழுந்ததை இங்கே உள்ளவர்கள் காதால்தான் தெரிந்துகொள்வார்கள். சத்தம் மூடுபனிக்குள் உருண்டு உருண்டு வந்து, இந்த மேட்டில் ஏறியதும் வெடிக்கும். அப்போது கூட்டம் மொத்தமாக முன்னே சரியும். கால் தரையில் இருக்காது. எங்கோ கொண்டுபோய், திரும்ப அதே இடத்தில் இறக்கிவிடும். சின்னப் பிள்ளைகளைத் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி முன்வரிசைக்கு அனுப்புவார்கள். மழையில் ஊறிய தோல் பந்து கல்லாகக் கனக்கும். தலையால் முட்டியவன் நெற்றியில் பந்தின் கயிற்றுத் தடம் பதிந்திருக்கும்.

அந்த மேட்டில் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் ஃப்ராங்க். பழைய சுரங்கத் தொழிலாளி, இடைவிடாமல் இருமுவான். இரண்டாவது சனிக்கிழமையோ மூன்றாவதோ, குடுவையைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி இவரிடம் நீட்டினான்.

"இந்தா, சாம்போ."

பக்கீர் முகம்மதுக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் காது கூர்மை. அந்தக் கூட்டம் தனக்குப் பிடித்தவர்களின் பெயரை வெட்டி, கடைசியில் ஒரு 'ஓ' வைக்கும் என்பதைக் கவனித்திருந்தார். இடதுபுறம் ஆடும் ராப்சன் அவர்களுக்கு ராப்போ. ஜாக்சன், ஜாக்கோ. கோல்காப்பாளன் தாம்சன், தாம்மோ. பிடிக்காத ஆட்டக்காரனுக்கு 'ஓ' கிடையாது. முழுப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். ஆகவே 'ஓ'வில் முடிவது செல்லப்பெயர். தன் பெயர் அவர்கள் வாயில் நுழையாததால், தனக்கென்று ஒன்றைப் புதிதாகவே செய்து கொடுத்திருக்கிறார்கள். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். கணக்கில் எங்கும் பிசகு தெரியவில்லை.

ஃப்ராங்க் தொடங்கியதை மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர் மேடேறி வந்தால் "சாம்போ வந்தாச்சு" என்று வழி விடுவார்கள். அணிக்கு கோல் வேண்டிய நேரத்தில் அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவுவார்கள், அதிர்ஷ்டமாம். தடவியபின் ஒருமுறை நிஜமாகவே ராப்போ கோல் போட்டுவிட்டான். அன்று மேடு முழுக்க அந்தப் பெயரைக் கத்தியது. நாலாயிரம் ஐயாயிரம் குரல். தன்னை ஒரு கூட்டம் கூவி அழைத்தது வாழ்க்கையில் அந்த ஓர் இடத்தில்தான்.

வாப்பா மவுத்தான செய்தி வந்து ஊர் திரும்பினார். கல்யாணம், கப்பல் கயிறும் பெயிண்டும் விற்கிற கடை, பிள்ளைகள். கீழக்கரைப் பையன்கள் கடற்கரையில் பந்து ஆடினார்கள். போய்ப் பார்த்தார். பந்து இருந்தது, அந்த நெரிசல் இல்லை. மனைவியிடம் பனியைப் பற்றிச் சொன்னார், ராப்போவின் இடது காலைப் பற்றிச் சொன்னார். தன் பெயரைச் சொல்லவில்லை. மகனிடமும் சொன்னதில்லை. சொன்னால் 'அது என்ன பெயர்' என்று சிரிப்பார்களோ என்று நினைத்தார்.

மனைவி போனபின் மகன் அல்தாப் நியூ ஜெர்சிக்குக் கூட்டிவந்தான். அவருக்காகவே டிவியில் இங்கிலாந்து ஆட்டங்கள் வரும் சேனலை வாங்கிப் போட்டான். முதல் நாள் அரைமணி நேரம் பார்த்தார். ஜமுக்காளம் விரித்தது போல் புல். வெளிச்சம். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு வாப்பா?"

"மய்யித்தைக் குளிப்பாட்டி அத்தர் பூசின மாதிரி இருக்கு."

பிறகு அல்தாப் இணையத்தில் ஹெஸில்டனைத் தேடிக் காட்டினான். அணி எப்போதோ கலைந்திருந்தது. மேடு இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடத்தோடு ஒரு பெரிய மளிகைக் கடை. அல்தாப் படத்தைப் பெரிதாக்கிச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். பக்கீர் முகம்மது, "அடைச்சிடு" என்றார்.

இன்ஷா பந்து ஆடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவருக்கு அதிலே ஒரு பிடி கிடைத்தது. புல்வெளி ஓரத்தில் நின்று கத்த முடிந்தது. அவர் ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர் வெட்டினார். இன்ஷா, இன்ஷோ ஆனாள். மேடிசன் மேடோ. பெண்களுக்குப் பிடித்துப்போய் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். பயிற்சியாளர் இளம் பெண்; அவளையே "கோச்சோ" என்றார், அவளும் சிரித்தாள். இன்ஷாவுக்கு அதில் பெருமைதான். கீழக்கரை வழக்கப்படி தகப்பன் வாப்பா, பாட்டனார் அப்பா. "தட்ஸ் மை அப்பா" என்று தோழிகளிடம் காட்டுவாள்.

இமானிக்கு மட்டும் அவர் பெயர் வைக்கவில்லை. அணியில் அவள்தான் மிகச் சிறந்த ஆட்டக்காரி, கறுப்பினப் பெண், இடது கால்காரி. பந்தை வாங்கித் திரும்பும்போது தோள் இறங்கும் விதம் அப்படியே ராப்போ.

"அப்பா, இமானிக்கு ஏன் நேம் இல்ல? ஷி கீப்ஸ் ஆஸ்கிங்," என்று ஒருநாள் இன்ஷா கேட்டாள்.

"இருக்கும்மா. அது சும்மா தூக்கிக் குடுக்குற பேரு இல்ல. நேரம் வரட்டும்."

நவம்பரில், அரையிறுதி ஆட்டத்தன்று நேரம் வந்தது. காலையிலிருந்து மழை. மைதானம் சேறாகிவிட்டது. எதிர்க் கோல் கம்பம் வெள்ளையாக மங்கித் தெரிந்தது. அல்தாப் குடை பிடித்தான், அவர் தள்ளிவிட்டார். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் மூக்கில் நனைந்த கம்பளி வாடை ஏறியது; அவருடைய தொப்பியிலிருந்துதான். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது ஆட்டம். முடிகிற நேரத்தில் இன்ஷா தள்ளிய பந்தை இமானி வாங்கினாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தி சேற்றில் வழுக்கி விழுந்தாள், இடது காலால் தூரத்திலிருந்தே அடித்தாள். வலை உதறியது.

பக்கீர் முகம்மது இரண்டு கைகளையும் தூக்கினார். தன்னிடம் இருந்ததிலேயே மேலானதை அவளுக்குக் கொடுத்தார்.

"சாம்போ!" என்று கத்தினார். "கமான், சாம்போ!"

முதல் தடவை கூச்சலில் அமுங்கியது. இரண்டாவது தடவை பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மூன்றாவது தடவை மைதானத்தில் வேறு சத்தமே இல்லை, அவர் குரல் மட்டும் தனியாகப் போனது. தோழிகள் தோளில் தொங்க ஓடிவந்த இமானி நின்றாள். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. கொஞ்ச தூரத்தில் நின்ற அவள் தகப்பனார் குடையை மடக்கினார். நாயோடு நின்ற ஒரு தாய், நாயை இழுத்துக்கொண்டு விலகிப்போனாள்.

பக்கீர் முகம்மது நினைத்தார், காது கேட்கவில்லை போல. நான்காவது முறைக்கு வாயைத் திறந்தார்.

"ஸ்டாப்! அப்பா, ஸ்டாப் இட்!" இன்ஷா சேற்றைத் தெறித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் தன்னை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தார். நடுவர் விசில் ஊதினார். பயிற்சியாளர் அல்தாபின் காதருகே ஏதோ சொன்னாள். அல்தாப் வாப்பாவின் முழங்கையைப் பிடித்து, யாரையும் பார்க்காமல் காருக்கு நடத்திப்போனான்.

காரில் இன்ஷா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

"நான் என்னடா செஞ்சேன்?" என்றார் அவர்.

"வாப்பா, ப்ளீஸ். வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"பொண்ணு கோல் போட்டா. பேரு வச்சேன். அதுக்கா?"

சாலிஹா முன்சீட்டிலிருந்து திரும்பினாள். உள்ளூர்ப் பள்ளியில் உதவி ஆசிரியை அவள். "மாமா, அது பேரு இல்ல. கறுப்பு ஜனங்கள அடிமையா வச்சிருந்த காலத்துல இருந்து அவங்களக் கேவலமாக் கூப்பிடுற வார்த்தை. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. ஆனா கேவலம்."

"உனக்குத் தெரியல மா. 'ஓ' போட்டா பிரியம். ராப்போ, ஜாக்கோ..."

"இது அந்த 'ஓ' இல்ல மாமா."

"நீ எப்படிச் சொல்றே? நீ அங்க இருந்தியா?"

"எவ்ரிபடி நோஸ், அப்பா!" என்று இன்ஷா கத்தினாள். "எல்லாருக்கும் தெரியும்! யாரு உங்களுக்கு இதச் சொல்லித் தந்தது?"

"யாரும் சொல்லித் தரல," என்றார். "என்னை அப்படித்தானே கூப்பிட்டாங்க."

துடைப்பான்கள் கண்ணாடியில் போய்ப் போய் வந்தன. ரூட் பதினெட்டு நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டிய இடத்தில் அல்தாப் திரும்பாமல் போய்விட்டான். இன்ஷாவின் அழுகை நின்றுவிட்டது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அன்று மிச்சப் பொழுதெல்லாம் அவர் தன் சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எதை எடுத்தாலும் அது வேறாக இருந்தது. வழிவிட்டார்களே, மரியாதைக்கா, வேடிக்கைக்கா? தலையைத் தடவினார்களே, ஊரில் கடைக்குக் கூட்டிவரும் யானையைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி, அதுவும் அப்படித்தானோ? அந்த ஐயாயிரம் குரலும் சிரித்துக்கொண்டே கத்தின. அவரும் சிரித்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தெருவில் திட்டியவனை அவர் ஒருநாளும் பார்த்துச் சிரித்ததில்லை.

திங்கட்கிழமை பயிற்சியாளரிடமிருந்து அல்தாபுக்கு மின்னஞ்சல் வந்தது. தாத்தா இனி மைதானத்துக்கு வரக்கூடாது. வயது காரணமாக மேல் நடவடிக்கை இல்லை. இன்ஷா ஆடலாம். ஆனால் அந்த வாரப் பயிற்சியில் இன்ஷாவுக்கு யாரும் பந்து தள்ளவில்லை.

"அந்தப் பொண்ணோட வாப்பாவைப் பாக்கணும்," என்றார் அவர்.

"நான் போன்ல சாரி சொல்லிட்டேன் வாப்பா. விட்டுருங்க."

"நீயாடா கத்துனே?"

கூட்டிப்போகும்வரை சாப்பிட மாட்டேன் என்றார். கடைசியில், பயிற்சி முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரத்தில் பூங்காவின் கார் நிறுத்துமிடத்துக்கு அல்தாப் அழைத்துப்போனான். இமானியின் தகப்பனார் உயரமானவர். மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. காரிலிருந்து இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று பக்கீர் முகம்மது எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

அல்தாப் பேச வாயெடுத்தான். அவர் தடுத்தார். மில்லில் கற்ற இங்கிலீஷ்தான் அவரிடம் இருந்தது, அதில் சொன்னார். நான் இங்கிலாந்தில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை ஃபுட்பால் பார்க்கப் போவேன். எல்லோரும் என்னை அப்படிக் கூப்பிட்டார்கள், வருஷக்கணக்காக. நல்ல பெயர் என்று நினைத்தேன். உங்கள் மகள் நன்றாக ஆடினாள். நல்ல பெயரைக் கொடுக்க நினைத்தேன்.

அந்த மனிதர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். "உங்களிடம் யாருமே சொல்லவில்லையா? இத்தனை வருஷத்தில்?" என்று கேட்டார்.

பக்கீர் முகம்மது இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஐ ஆம் சாரி, சார்," என்றார் அந்த மனிதர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, துக்க வீட்டில் சொல்வது போல.

மன்னிப்புக் கேட்கப் போனவர் அதை வாங்கிக்கொண்டு திரும்பினார். காரில் ஏறியதும், "என் கையைப் பிடிச்சாரே, பாத்தியா?" என்று மகனிடம் கேட்டார். அல்தாப், "ரொம்ப நல்ல மனுஷன் வாப்பா, பிரச்சினை தீர்ந்துச்சு" என்றான். அவர், "பாவம்னு பிடிச்சாரு" என்றார்.

அல்தாபின் நண்பன் ஜெயபிரகாஷ் சனிக்கிழமைகளில் டிவியில் ஆட்டம் பார்க்க வருவான். கோயம்புத்தூர்க்காரன், வாயாடி. அந்த வாரமும் வந்தான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

"அங்கிள், இவனுங்க பாஸ் பண்றதைப் பாருங்க, தூக்கம் வருது. உங்க ராப்போ கதை சொல்லுங்க. பனியில பந்தே தெரியாதும்பீங்களே?"

"ஞாபகம் இல்லப்பா."

"என்னங்க அங்கிள், போன வாட்டி கோலெல்லாம் நடிச்சே காட்டுனீங்க? சோஃபால இருந்து விழப் பாத்தீங்களே!"

"இல்லப்பா. மில்லுல வேலை பாத்தேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு."

ஜெயபிரகாஷ் அல்தாபைப் பார்த்தான். அல்தாப் டிவியைப் பார்த்தான். அன்று மாலையே சாலிஹா, மறதி நோய்க்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்று கணவனிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது. விழுந்தும் சும்மா இருந்தார். மறந்தவன் என்று எண்ணிக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்ஷாவை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. மறுநாள் காலை, பயிற்சிக்குக் கிளம்பிய கோலத்தில் அவர் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடிபடாமல் கணைக்காலில் கட்டும் காப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மற்றதைக் கையில் வைத்திருந்தாள்.

"யூ டோன்ட் ஃபர்கெட் திங்ஸ்," என்றாள்.

அவர் போர்வையை மடிக்கத் தொடங்கினார்.

"உங்களுக்கு டீ குடுத்த ஆள் ஒருத்தர்னு சொல்லுவீங்களே. ஃப்ராங்க். அவர்தான் ஃபர்ஸ்ட் அப்படிக் கூப்பிட்டாரா?"

"ஆமா."

"வாஸ் ஹி எ பேட் பெர்சன்?"

அவர் யோசித்தார். அந்தக் குளிரில், அந்த இருமலோடு, இருந்த கொஞ்சத் தேநீரில் பாதியை ஊற்றிக் கொடுத்தவன். அதே வாயால் கூப்பிட்டவன். அவன் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அந்த மேட்டில் நின்ற அத்தனை பேரும் போயிருப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஓர் ஆள் மிச்சம் இல்லை.

"தெரியலம்மா."

"ஆர் யூ மேட் அட் ஹிம்?"

"கோவப்படத்தான் பாக்குறேன். வர மாட்டேங்குது. அதான் கேவலமா இருக்கு. இப்ப அவன் வந்து அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் திரும்பித்தான் பாப்பேன் மா. என்னை அப்படிக் கூப்பிட வேற யாரு இருந்தா?"

இன்ஷா கையிலிருந்த கால் காப்பின் பட்டையைப் பிரித்தாள், ஒட்டினாள், பிரித்தாள். கீழே சாலிஹா நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது இன்ஷா எழுந்து போனாள். கார் கிளம்பி, தெரு முனையில் திரும்பி, சத்தம் முழுவதும் ஓய்ந்து போகிறவரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.